முடிச்சு உள்ளே இருக்கிறது

"பின்பக்கமும் பார்க்கிறீர்களா?" என்று கேட்டார் வெள்ளைக் கையுறை போட்டிருந்த பெண்மணி. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வெள்ளைப் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணி, அதன்மேல் வெள்ளை நூல். வேறு நிறம் கிடையாது. நேர் எதிரே நின்று பார்த்தபோது வெறும் துணியாகத்தான் தெரிந்தது. இரண்டடி நகர்ந்து, விளக்கு பக்கவாட்டில் விழும் இடத்துக்கு வந்தேன். இறகும் கொடியும் வட்டமுமாக அந்த வெண்மை முழுவதும் புடைத்து எழுந்தது. ஊசி அமுக்கிய இடம் பள்ளம், அமுக்காத இடம் மேடு. பள்ளத்தில் தங்கிய நிழலே கோலமாகத் தெரிந்தது.

அவர் ஓரத்தை மெல்லத் தூக்கித் திருப்பிக் காட்டினார். பின்பக்கமும் அப்படியே இருந்தது. அதே இறகு, அதே கொடி, அதே அளவில் தையல். "நூல் எந்த இடத்தில் தொடங்குகிறது, சொல்லுங்கள் பார்ப்போம்" என்றார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தேடினேன். தொடக்கமும் தெரியவில்லை, முடிவும் தெரியவில்லை. ஒரு முடிச்சுகூடக் கண்ணில் படவில்லை. அவர் விரலால் சைகை காட்டி விளக்கினார். நூல் நுனியில் கடுகளவு முடிச்சுப் போட வேண்டும். தையல் தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி ஊசியை மேல்துணியில் மட்டும் குத்தி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுக்க வேண்டும். பிறகு நூலை ஒரு சுண்டு சுண்டினால், முடிச்சு துணியைத் தாண்டி உள்ளே போய்ப் பஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அவ்வளவுதான், இனி அது யார் கண்ணுக்கும் தெரியாது.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். "முடிச்சு உள்ள போகணும்டி. இல்லேன்னா பிள்ளை முதுகுல உறுத்தும்" என்ற குரல் காதுக்குள் கேட்டது. அம்மா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

மகளின் பிரசவத்துக்காக ஹூஸ்டன் போயிருந்தேன். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நன்றாக நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று சொல்லி, அவள்தான் என்னை அந்த மாநாட்டு மையத்துக்கு அழைத்துப் போனாள். 1970களின் நடுவில் தொடங்கி, ஹூஸ்டனில் நடந்துவரும் சர்வதேச க்வில்ட் திருவிழா அது. கறுப்புத் திரைகள் கட்டிய சந்துகள். சந்துக்குச் சந்து தொங்கும் போர்வைகள். தொடக்கூடாது என்று எங்கும் எழுதியிருந்தது. தொட்டுத் திருப்பிக் காட்டுவதற்கென்றே கையுறைக்காரர்கள் நின்றார்கள்.

க்வில்ட்டுக்குத் தமிழில் என்ன பேர் என்று மகள் கேட்டாள். ஒட்டுப்போர்வை என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அது பாதிதான் பொருந்துகிறது. அந்த வெள்ளைப் போர்வையில் ஒட்டே இல்லையே. க்வில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே ஒரு துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரு துணி. மூன்றும் நழுவாமல் சேர்த்துப் பிடிக்கிற ஓட்டுத்தையலுக்குத்தான் க்வில்ட்டிங் என்று பேர். பிட்டுத் துணிகளை இணைத்து மேல்துணியை உருவாக்குவது அதற்கு முந்தைய வேலை. கை தேர்ந்தவர்கள் ஒரு அங்குல நீளத்தில் பத்துத் தையல் போடுவார்களாம். ஒரு கட்டிலை மூடும் அளவுக்கு அப்படித் தைக்க மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு வருடக்கணக்கும் ஆகும்.

ஒரு சந்தில் 'லாக் கேபின்' என்ற பழைய மாதிரியில் செய்த போர்வைகள் வரிசையாக இருந்தன. மரக்கட்டை வீடு என்று அர்த்தம். நடுவில் ஒரு சிறிய சிவப்புச் சதுரம். அதைச் சுற்றிக் கட்டைகளை அடுக்குவது போல நீள நீளத் துணிகள், ஒருபக்கம் வெளிர் நிறம், மறுபக்கம் அடர் நிறம். நடுவில் இருக்கும் அந்தச் சிவப்புதான் வீட்டு அடுப்பு என்று பக்கத்தில் எழுதியிருந்தது. துணி என்ன துணியாகவும் இருக்கட்டும், சட்டையோ திரையோ மாவுச்சாக்கோ, நடுவில் அடுப்பு எரிய வேண்டும். அதை வாசித்துவிட்டு மறுபடியும் போர்வையைப் பார்த்தேன். ஊர் இருட்டியபின் வீட்டு வாசல்களில் தெரியும் வெளிச்சம் போல, வரிசை வரிசையாக அடுப்புகள்.

எங்கள் வீட்டில் அம்மா தைத்ததற்கு விரிப்பு என்று மட்டும்தான் பேர். நைந்த சுங்குடிச் சேலைகளின் கரையைக் கிழித்து எடுத்துவிடுவாள். கரை கனமாக இருக்கும், பிள்ளைக்கு ஆகாது. மிச்சத் துணியை நான்காக அடுக்கித் தரையில் விரித்து, சுருக்கம் போக உள்ளங்கையால் நீவுவாள். நான்கு மூலையிலும் அரிசி டப்பா, உரல் குழவி என்று கையில் கிடைத்த கனத்தை வைப்பாள். பிறகு ஓரத்தை உள்மடித்து ஓட்டுத்தையல். பஞ்சு கிடையாது, எங்கள் மதுரை வெயிலுக்குப் பஞ்சு எதற்கு? பிள்ளை நனைத்துவிட்டால் அலசிப் போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட வேண்டும், அதுதான் கணக்கு. தைத்து முடித்ததும் புறங்கையால் விரிப்பு முழுவதும் தடவிப் பார்ப்பாள். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதுக்குத் தெரியாது, புறங்கைதான் பிள்ளைத் தோல் மாதிரி என்பாள். எங்காவது தட்டுப்பட்டால் அந்த இடத்தைப் பிரித்து, முடிச்சை அடுக்குக்குள் தள்ளி மறுபடி தைப்பாள்.

என் மகளுக்கு அப்படி ஐந்து விரிப்பு தைத்துக் கொடுத்தாள். ஐந்தும் இப்போது இல்லை. பிள்ளை வளர்ந்ததும் இஸ்திரி போடும் மேசைக்கு ஒன்று போனது. ஒன்று கால்மிதியானது. கடைசியில் எல்லாமே கரித்துணியாகி, அடுப்படியில் சூடான பாத்திரம் இறக்கித் தேய்ந்து போயின. எப்போது தூக்கி எறிந்தேன் என்றுகூட நினைவில்லை. கறுப்புத் திரையில் மாட்டிய போர்வைகளுக்கு நடுவே நிற்கும்போது அது நெஞ்சில் குத்தியது. ஒன்றையாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா?

எடுத்து வைக்கத் தோன்றாததற்கு ஒரு சொல்லும் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். கந்தை. வடமொழியில் 'கந்தா' என்றால் ஒட்டுப்போட்டுத் தைத்த துணி. அந்தச் சொல் வங்காளத்தில் 'காந்தா' ஆனது. அங்கே பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தாமரையும் மீனும் பல்லக்கும் தைத்தார்கள். இன்று அது உலகம் அறிந்த கலை. அதே சொல் நம்மிடம் கந்தையாக வந்து, கந்தையாகவே நின்றுவிட்டது. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். சுத்தத்தைச் சொன்னார்கள், ஆனால் கந்தைக்கு ஓர் அழகு உண்டு என்று நமக்குச் சொல்லித் தரவில்லை. பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் போன பொருநன், வேர்வையில் நனைந்து, வேறு வேறு நூலால் ஒட்டுப்போட்ட தன் துணியைக் களைந்துவிட்டுப் புத்தாடை பெறுகிறான். ஒட்டு என்றால் வறுமை, வறுமை என்றால் மறைக்க வேண்டியது. இரண்டாயிரம் வருடமாக அப்படியே பார்த்துப் பழகிய கண் நம்முடையது. என் கண்ணும் அதுதான்.

அமெரிக்காவிலும் வெகுகாலம் இது கட்டில் சாமானாகத்தான் இருந்தது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய க்வில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. ஜொனதன் ஹோல்ஸ்டீன், கெய்ல் வான் டெர் ஹூஃப் என்ற இருவர் சேகரித்தவை அவை. நவீன ஓவியர்கள் வட்டத்தையும் சதுரத்தையும் வைத்து என்ன தேடிக்கொண்டிருந்தார்களோ, அதைக் கிராமத்துப் பெண்கள் நூறு வருடம் முன்னாலேயே பஞ்சிலும் துணியிலும் செய்து வைத்திருந்ததை ஊர் அப்போதுதான் பார்த்தது. அதற்குப் பிறகுதான் கலை என்ற சொல் இதன்மேல் ஒட்டியது. சுவரில் ஏறிய பிறகுதானா அது கலை? நான் ஹூஸ்டனில் சுமந்துகொண்டு நடந்த கேள்வி இதுதான். சுவரில் ஏறாமல் அடுப்படியில் கரித்துணியாகிப் போனது என்ன கணக்கில் வரும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் வெளிச்சம் காட்டியது அலபாமா மாநிலத்தில் இருக்கும் ஜீஸ் பெண்ட். ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த கறுப்பின மக்களின் ஊர். அடிமைகளாகப் பருத்திக் காட்டில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள். ஊரில் பலருக்கு, அவர்களுடைய முன்னோரை உடைமையாக வைத்திருந்த பெட்வே என்ற பண்ணைக்காரரின் குடும்பப் பெயர்தான் இன்னும் இருக்கிறது. வாக்குரிமைக்காக அவர்கள் எழுந்த காலத்தில், 1962இல், அக்கரைக்குப் போகிற படகு நிறுத்தப்பட்டது. அது மறுபடி ஓட 2006 ஆனது. இந்த ஊர்ப் பெண்கள் தைத்த க்வில்ட்டுகளின் பெரிய கண்காட்சி 2002இல் முதலில் வைக்கப்பட்டது இதே ஹூஸ்டனில், நுண்கலை அருங்காட்சியகத்தில். அங்கிருந்து விட்னிக்குப் போனது. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாகவே வெளியிட்டது.

அந்த ஊரின் மிசௌரி பெட்வே 1942இல் ஒரு க்வில்ட் தைத்தார். கணவர் இறந்துவிட்டார். அவர் வயலில் உடுத்திய வேலை உடுப்புகளைக் கிழித்து, மகள் ஆர்லோன்சியாவைக் கூட வைத்துக்கொண்டு, அதைப் போர்வையாக்கினார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும் என்பது எண்ணம். ஜீஸ் பெண்ட் பெண்கள் வேலை உடுப்பில் தைத்த க்வில்ட்டுகளைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனிக்கலாம். முழங்கால் இருந்த இடம் வெளுத்திருக்கும். மண்டியிட்டு மண்டியிட்டுத் தேய்ந்த வெளுப்பு. பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடத்தில் மட்டும் வெயில் படாததால் பழைய நீலம் சதுரமாக அப்படியே நிற்கும். அந்தச் சதுரத்தைப் பார்க்கும் எவருக்கும் ஒரு கை ஞாபகத்துக்கு வரும். வேலை முடிந்து வந்து அந்தப் பாக்கெட்டுக்குள் நுழைந்த கை.

குளிருக்கு எப்படித் தைத்தாலும் போதும். நீலத்துக்குப் பக்கத்தில் பழுப்பை வைத்தாலும் சாக்கை வைத்தாலும் சூடு ஒன்றுதான். வெளுத்த முழங்காலை மேலே வைப்பதா, ஓரத்தில் வைப்பதா என்று தரையில் பரப்பிப் பார்த்து ஒரு பெண் யோசிக்கிறாள் அல்லவா, கலை அங்கே நடந்துவிட்டது. சுவரும் கண்ணாடிப் பெட்டியும் பிறகு வந்தவை. நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் வடகன்னட மாவட்டத்தில் வாழும் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள், பழந்துணிகளை வைத்து 'கவண்டி' என்ற போர்வை தைக்கிறார்கள். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் துணியை முக்கோணமாக மடித்து வைத்து அதற்குப் பூ என்று பேர் சொல்வார்கள். பூ வைக்காமல் கவண்டி முடியாது. அந்தப் பூவால் ஒரு துளி சூடும் கூடுவதில்லை. தேவை முடிந்த இடத்தில் கையை எடுத்துவிடாமல் இன்னொரு தையல் போடுகிறார்கள். மனிதர்கள் மனிதர்களாக இருப்பதற்கு இதைவிட எளிய அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் இதை இத்தோடு விட்டால் ஒரு பொய்யும் சேர்ந்துவிடும். பெண்கள் செய்ததையெல்லாம் அன்பு என்ற ஒரே சொல்லால் மூடி, அவர்கள் பேரையும் கூலியையும் அதற்குள் புதைத்துவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. முடிச்சு உள்ளே போகலாம். முடிச்சுப் போட்டவர் உள்ளே போகக் கூடாது.

ஹாரியட் பவர்ஸ் கதை எனக்கு அதைத்தான் சொல்கிறது. 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவர் தைத்த ஒரு க்வில்ட்டில் ஆதாமும் ஏவாளும் தொடங்கிக் இயேசுவின் திருக்குடும்பம் வரை பைபிள் கதைகள் பதினொரு கட்டங்களில் வருகின்றன. 1886இல் ஏதென்ஸ் என்ற ஊரில் நடந்த பருத்திக் கண்காட்சியில் அதைப் பார்த்த ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார். எந்த விலைக்கும் இல்லை என்றார் ஹாரியட். சில வருடங்களில் கஷ்டகாலம் வந்தது. அவரே எடுத்துக்கொண்டு போய்ப் பத்து டாலர் கேட்டார். ஐந்துதான் முடியும் என்றார் ஆசிரியை. வாங்கிக்கொண்டார். கொடுக்கும் முன் ஒவ்வொரு கட்டத்துக்கும் கதை சொன்னார். ஆசிரியை அதை எழுதி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஹாரியட் அந்த வீட்டுக்குப் பலமுறை போனார், தன் க்வில்ட்டைப் பார்த்துவிட்டு வர. கட்டிக் கொடுத்த மகளைப் பார்க்கப் போகிற தாய் மாதிரி. இன்று அது வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் தைத்த இன்னொன்று பாஸ்டனில் இருக்கிறது. வானத்திலிருந்து நட்சத்திரங்கள் மழையாகக் கொட்டிய 1833ஆம் வருட இரவைக்கூட அதில் தைத்து வைத்திருக்கிறார். அவர் பிறப்பதற்கு முன் நடந்தது; கேட்டுக் கேட்டு மனத்தில் நின்றது.

ஐந்து டாலர் என்னை உறுத்துகிறது. பேரும் கதையும் அன்றே எழுதப்பட்டதால்தான் இன்று அவரை நாம் அறிகிறோம் என்பது கொஞ்சம் ஆறுதல் தருகிறது. ஜீஸ் பெண்ட் பகுதிப் பெண்கள் 1966இல் கூட்டுறவு அமைத்து, தைத்ததற்குக் கூலி கேட்டுப் பெற்றார்கள். அதுவும் கலையின் கதைதான்.

பெயர்களுக்காகவே தைத்த போர்வையும் உண்டு. 1987 அக்டோபரில் வாஷிங்டன் புல்வெளியில் ஒரு க்வில்ட்டை விரித்தார்கள். எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களுக்காக 1,920 துண்டுகள். ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி, ஒரு மனிதரைப் புதைக்கும் குழியின் அளவு. அந்த நோயால் இறந்தவர் என்று சொல்லவே வீடுகள் கூசிய காலம். நண்பர்களும் தாய்மார்களும் உட்கார்ந்து அந்தப் பெயர்களைத் துணியில் எழுத்தெழுத்தாக வைத்துத் தைத்தார்கள். போர்த்திக்கொள்ள முடியாத போர்வை அது. ஆனாலும் போர்வை என்றே பேர் வைத்தார்கள். போனவர்களை வெறுந்தரையில் விட மனம் வராதவர்கள் அவர்கள்.

திருவிழாவில் ஒவ்வொரு க்வில்ட்டின் பின்பக்க மூலையிலும் ஒரு சிறு துணி தைத்திருந்தது. செய்தவர் பெயர், ஊர், வருடம். சிலவற்றில் யாருக்காக என்பதும். அந்த வெள்ளைப் போர்வையிலும் இருந்தது. கையுறைக்கார அம்மாள் அதைக் காட்டி, "இது இல்லாமல் நாங்கள் எதையும் முடிப்பதில்லை" என்றார். என் அம்மாவின் ஐந்து விரிப்பிலும் எங்கும் பெயர் இல்லை. எழுத வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, எழுதப் படிக்கத் தெரிந்த எனக்கும் தோன்றவில்லை.

விரிப்புகள் தேய்ந்து போனதை இப்போது நான் இழப்பாக நினைக்கவில்லை. ஜீஸ் பெண்டில் நைந்துபோன க்வில்ட்டுகளைக் கொளுத்திப் புகை போட்டுக் கொசு விரட்டுவார்களாம். தைத்தவர்களே கொளுத்தினார்கள். அவர்களுக்குத் தெரியும், ஒரு போர்வையின் ஆயுள் அதற்கு அடியில் தூங்கி எழுந்தவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று. அம்மாவின் கவனமும் என் மகளின் முதுகில் போய்ச் சேர்ந்துவிட்டது. அது உறுத்தாமல் தூங்கிய தூக்கம். அதைத் திரும்ப எடுத்துச் சுவரில் மாட்ட முடியாது. ஆனால் பெயர் போனது வேறு விஷயம். பொருள் தேயலாம், தேயத்தான் அது பிறந்தது. கையின் பெயர் தேயக் கூடாது. வெள்ளைப் போர்வையில் முடிச்சு உள்ளே போனது அழகுக்காக, அம்மாவின் விரிப்பில் உள்ளே போனது ஒரு குழந்தைக்காக. இரண்டு கையும் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன. ஒன்றுக்குத் திருவிழாவில் பரிசு ரிப்பன் கிடைத்தது, இன்னொன்றை நான் கரித்துணி ஆக்கினேன். குறை விரிப்பில் இல்லை.

ஊரிலிருந்து வரும்போது பேரப்பிள்ளைக்குத் தொட்டில் கட்ட அம்மாவின் சுங்குடிச் சேலை இரண்டைக் கொண்டுவந்திருந்தேன். திருவிழாவுக்குப் போய் வந்த மறுநாள் அவற்றைத் தரையில் விரித்தேன். கரையைக் கிழித்தேன். நான்காக அடுக்கினேன். நான்கு மூலைக்கும் மகளின் புத்தகங்கள்தான் கனம். மகளுக்கு வலி எடுக்கும்வரை எட்டு நாள் என் கையில் ஊசி இருந்தது. சாயம் போன சிவப்பில் புள்ளிகள் மட்டும் இன்னும் வெள்ளையாக இருந்தன. புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளியாகத் தையல் போனது. என் தையல் அங்குலத்துக்கு ஐந்தைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு முடிச்சையும் வெளியே விடவில்லை. பின்பக்க மூலையில் அம்மாவின் பெயரைத் தைத்தேன், அதன் கீழே என் பெயர், வருடம்.

மகள் பார்த்துவிட்டு, "இதை ஃப்ரேம் போட்டு ஹாலில் மாட்டலாம்மா" என்றாள். கண் கலங்கியிருந்தது.

"பிள்ளைக்கு விரிம்மா" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாலாம் நாள் அதில் பால் கக்கியது குழந்தை. அலசி, கொல்லையில் கட்டியிருந்த கயிற்றில் போட்டேன். நவம்பர் வெயில் அங்கே மெல்லியது. காய மத்தியானம் ஆனது. எடுத்து வந்து மடியில் போட்டுப் புறங்கையால் ஓரம் தொடங்கி நடுவரை தடவிக்கொண்டே வந்தேன். பெயர் தைத்த மூலையிலும் தடவினேன். எதுவும் உறுத்தவில்லை. பிள்ளையை அதில் கிடத்தினேன்.